இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு விதிப் புத்தகமும்

பந்தயம் ஒன்றில் முதலில் வந்தவர் யார் என்று அறிவதற்குக் கண் இருந்தால் போதும் என்றே நாம் எல்லோரும் எண்ணுகிறோம். கோட்டை முதலில் கடந்தவர் வென்றவர். இதில் வழக்காட என்ன இருக்கிறது? ஆயினும், வென்றவர் பெயரைச் சொல்வதற்கு முன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய பந்தயம் ஒன்று உலகில் உண்டு. பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் அது. அந்தப் பந்தயத்தையும், அதன் விதிகளையும், அவ்விதிகளைக் கண்டு ரசிகர்கள் கொள்ளும் உவகையையும் சினத்தையும் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1966-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளும் லெ மானில் வென்றவை இத்தாலிய ஃபெராரிக் கார்கள். அவற்றை வீழ்த்தியே தீருவது என்று அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டியது. அவ்வாண்டு அதன் எண்ணம் ஈடேறியது. பந்தயத்தின் இறுதியில் முதல் மூன்று இடங்களிலும் ஃபோர்டுக் கார்களே ஓடிக்கொண்டிருந்தன. முன்னணியில் இருந்தவர் கென் மைல்ஸ். அதே ஆண்டில் டேடோனா, செப்ரிங் என்னும் இரண்டு நெடும் பந்தயங்களிலும் வென்று வந்தவர் அவர். மூன்று கார்களும் ஒருங்கே கோட்டைக் கடந்தால் புகைப்படம் அழகாக இருக்குமே என்று நிறுவனத்தாருக்கு ஓர் ஆசை பிறந்தது. மைல்ஸ் வேகத்தைத் தணித்துக்கொள்ளப் பணிக்கப்பட்டார், தணித்துக்கொண்டார். புரூஸ் மெக்லாரன் ஓட்டிய கார் அவரை எட்டிப் பிடித்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

'இருவருக்கும் சம வெற்றி' என்று நிறுவனம் எதிர்பார்த்தது. புத்தகம் வேறொன்று சொல்லிற்று. லெ மான் பந்தயத்தில் கணக்கு வேகத்துக்கு அன்று. 24 மணி நேரத்தில் கடந்த தொலைவுக்கே. தொடக்கத்தில் மெக்லாரனின் கார் மைல்ஸின் காருக்குச் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தது. ஒரே இடத்தில் வந்து முடித்தார்கள் என்றால், பின்னால் நின்றவரே அதிகத் தொலைவு ஓடியவர். ஆகவே மெக்லாரனும் அவருடைய துணைவர் கிரிஸ் ஏமனும் வென்றவர்கள். மைல்ஸுக்கு இரண்டாமிடம். இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டில், ஒரு சோதனை ஓட்டத்தில் அவர் உயிரிழந்தார். வேறொரு லெ மானில் வெல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை. 2019-இல் இக்கதையை ஒட்டி ஓர் ஆங்கிலப் படம் வந்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த முடிவு நியாயமா? அறுபது ஆண்டுகள் ஆகப் போகின்றன. ரசிகர்கள் இன்னமும் சச்சரவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். விதி தவறு என்று கூறுவோர் குறைவு. விதியை அறியாமல் புகைப்படத்துக்கு ஆசைப்பட்டவர்களைத்தான் பெரும்பாலோர் ஏசுகின்றனர். இந்த வேறுபாட்டைச் சற்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

லெ மான் பந்தயத்தின் பாதை 13.626 கிலோமீட்டர் சுற்றளவுடையது. அதன் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஊர் மக்கள் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் பொதுச் சாலை. சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கும் ஓட்டம், இரவு முழுதும் விளக்கொளியில் நடந்து, மறுநாள் பிற்பகலில் முடிகிறது. ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். அவர்கள் மாறி மாறி ஓட்டுகிறார்கள். கார் மட்டும் பெட்ரோலுக்கும் டயருக்கும் பழுதுக்கும் நிற்பதைத் தவிர ஓய்வதில்லை. 2010-இல் வென்ற கார் கடந்த தொலைவு 5410 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் புறப்பட்டுக் காசிக்குப் போய்த் திரும்பிய பின்னும் ஓட்டம் மீதி இருக்கும்! ரேக்ளாப் பந்தயத்தில் பெரிய மாடு, சிறிய மாடு என்று பிரிவுகள் உண்டல்லவா? அதுபோல இங்கும் கார்கள் வகைவகையாகப் பிரிக்கப்படுகின்றன. ஆனால் எல்லா வகையும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடுகின்றன. விரைவில் மிகுந்தவை மெதுவாகச் செல்பவற்றை நள்ளிரவில் நூற்றுக்கணக்கான முறை முந்த வேண்டும். ஆபத்தும் அழகும் அங்கேதான் இருக்கின்றன.

நம் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012-இல் இப்பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்; அவருடைய கார் 6-ஆவதாக வந்தது. அந்தப் பெருமை 2009-லேயே கோவையின் நாராயண் கார்த்திகேயனுக்குக் கிட்டியிருக்க வேண்டியது. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் சுவரிலிருந்து குதித்தவர் தோளில் அடிபட்டு, ஓட்ட முடியாமற் போனார். ஊழ் சில வேளைகளில் மிகச் சிறிய வேலைகளையும் தானே செய்கிறது.

காண வருகிற கூட்டமோ பெரிது. பந்தயத்தின் நூற்றாண்டு நிறைவான 2023-இல் 3 லட்சத்து 25 ஆயிரம் பேர் திரண்டார்கள். கூடாரமடித்துத் தங்குகிறார்கள், அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள், இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாவைப் போல இராட்டினமும் கடைகளும் உண்டு. தந்தை தோளில் ஏறிப் பார்த்த பிள்ளை, பின்னாளில் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறான். இத்தகைய கூட்டம் பந்தயத்தைத் தன் வீட்டுச் சொத்தாகக் கருதுவதில் வியப்பில்லை. வீட்டுச் சொத்தின் பத்திரத்தில் ஒரு வரியை மாற்றினால் வீட்டார் சும்மா இருப்பார்களா?

மாற்றம் என்பது இங்கே புதிதும் அன்று. முதற்பந்தயம் 1923-ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது. 33 கார்கள் புறப்பட்டு 30 கார்கள் முடித்தன. அதை நடத்தியவர்களின் நோக்கம் வேகத்தைக் காட்டுவதன்று. மக்கள் விலை கொடுத்து வாங்கும் கார்கள் இரவில் விளக்கு அணையாமல், எந்திரம் சோராமல் ஓடுமா என்று சோதிப்பதே நோக்கம். எஞ்சினின் அளவுக்கு ஏற்ப, இந்தக் கார் இவ்வளவு தொலைவாவது ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு வகுக்கப்பட்டது. சிறிய எஞ்சினுக்குச் சிறிய இலக்கு; பெரியதற்குப் பெரியது. எளியதையும் வலியதையும் ஒரே தராசில் நிறுத்தும் கவலை, பார்த்தீர்களா, முதல் நாளிலேயே பிறந்துவிட்டது! அடுத்த ஆண்டு, காரின் துணிக்கூரையை ஓட்டுநரே இறங்கி மாட்டிக்கொண்டு சில சுற்றுகள் ஓட வேண்டும் என்றும் ஒரு விதி வந்தது. மழையில் நனையும் குடும்பத்தலைவன் ஒருவன் அந்த விதியை எழுதியவர்களின் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

விதிகளில் சில இப்படி யோசித்து எழுதப்பட்டவை. வேறு சில, துயரத்தால் எழுதப்பட்டவை. அவற்றில் ஒரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பியேர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் 1952-இல் ஒரு டால்போ காரை ஓட்டினார். துணைவர் ஒருவர் காத்திருந்தார். ஆனால் லெவே காரை அவரிடம் கொடுக்கவே இல்லை. பகல் போயிற்று, இரவு போயிற்று, மீண்டும் பகல் வந்தது. ஏறக்குறைய 23 மணி நேரம் தாமே ஓட்டி, எல்லோருக்கும் முன்னால் இருந்தார். பிரான்சு நாட்டுக் கூட்டம் மூச்சடக்கி நின்றது. முடிவதற்குச் சிறிது நேரமே இருக்கையில் எந்திரம் முறிந்தது. வெற்றி ஜெர்மானிய மெர்சிடீஸ் கார்களுக்குப் போயிற்று. 'வீரன்' என்று ஒரு சாரார் கண்ணீர் விட்டனர். 'பிடிவாதக்காரன், வெற்றியைக் கெடுத்தான்' என்று மற்றொரு சாரார் ஏசினர். ஒரே மனிதர் ஒரு நாள் முழுதும் ஓட்டுவது வீரமா, மடமையா என்று அன்று எழுந்த கேள்விக்கு விதிப் புத்தகம் படிப்படியாக விடை எழுதிற்று. இப்பொழுது எந்த ஓட்டுநரும் எந்த 6 மணி நேரத்திலும் 4 மணிக்கு மேல் ஓட்டலாகாது. மொத்தத்தில் 14 மணிக்கு மேல் ஓட்டலாகாது. லெவே செய்ததை இனி ஒருவர் செய்ய நினைத்தாலும் முடியாது.

அதே லெவேயை 1955-இல் மெர்சிடீஸ் நிறுவனமே தன் காரை ஓட்ட அழைத்தது. அவருக்கு வயது 49. ஜூன் 11-ஆம் நாள் மாலை ஆறரை மணி இருக்கும். முன்னே சென்ற ஒரு கார் பெட்ரோல் நிரப்புமிடத்துக்காக வேகத்தைக் குறைத்தது. அதன் பின் வந்த கார் விலகியது. விலகிய காரின் மேல் லெவேயின் கார் மோதி மேலெழுந்தது. கூட்டத்துக்கும் பாதைக்கும் இடையே ஒரு மண்கரைதான் இருந்தது. சிதறிய எந்திரப் பகுதிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயும் பார்வையாளர்கள் 80 பேருக்கு மேலும் மாண்டார்கள். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் இதைவிடக் கொடிய நாள் இல்லை.

பந்தயம் நிற்கவில்லை. நிறுத்தினால் கூட்டம் சாலைகளை அடைத்துக்கொள்ளும், மருத்துவ வண்டிகள் போக வழியிராது என்று நடத்தியோர் காரணம் சொன்னார்கள். மெர்சிடீஸ் நிறுவனத்தார் நள்ளிரவுக்குப் பின் தம் கார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். சுவிட்சர்லாந்து தன் மண்ணில் சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடை செய்தது. அத்தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. லெ மானில் அடுத்த ஆண்டுக்குள் அந்த இடம் இடித்துக் கட்டப்பட்டது. கார்கள் நிற்குமிடம் பின்னே தள்ளப்பட்டது, பாதை அகலமாயிற்று. அதற்கு முன்பெல்லாம் பாதைக்கு எவ்வளவு அருகில் நிற்க முடியுமோ அவ்வளவு அருகில் நிற்பதே ரசிகர்களின் ஆசையாக இருந்தது. தூரத்தில் நிற்க வேண்டும் என்ற விதியை அவர்கள் கேட்டுப் பெறவில்லை. ஆனால் அவ்விதியை எதிர்த்து அன்று வாய் திறந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

துயரம் வந்த பின் விதி வருவது ஒரு வழி. துயரம் வருமுன்னரே ஒரு மனிதர் தம் நடையால் விதியை மாற்றிய வரலாறும் உண்டு. அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பழைய நாளில் லெ மான் பந்தயம் தொடங்கும் முறையே ஒரு காட்சி. கார்கள் பாதையின் ஒருபுறம் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் மறுபுறம் நிற்பார்கள். கொடி அசைந்ததும் எல்லோரும் குறுக்கே ஓடிக் காரில் தாவி ஏறி, எந்திரத்தை முடுக்கிப் பறக்க வேண்டும். கூட்டத்துக்கு இதில் அளவிறந்த ஆசை. புகைப்படக்காரர்களுக்கும் அப்படியே. ஆனால் காரில் பாதுகாப்பு வார் வந்த பிறகு இந்த முறை கொலைக்கருவியாயிற்று. வாரைக் கட்டச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளை இழக்க மனமின்றி ஓட்டுநர்கள் கட்டாமலே புறப்பட்டார்கள். 1968-இல் ஒருவர் கதவைச் சரியாக மூடாமல் புறப்பட்டு, முதற்சுற்றிலேயே பெரும் விபத்துக்கு ஆளானார்.

1969-இல் பெல்ஜிய நாட்டு இளைஞர் ஜாக்கி இக்ஸ் ஒரு முடிவு செய்தார். அவருக்கு வயது 24. கொடி அசைந்தது, எல்லோரும் ஓடினார்கள், இக்ஸ் நடந்தார். ஆம், பூங்காவில் உலவச் செல்பவரைப் போல நடந்து சென்று, காரில் ஏறி, வாரை ஒழுங்காகக் கட்டி, எல்லோருக்கும் கடைசியாகப் புறப்பட்டார். அதே முதற்சுற்றில் ஜான் வுல்ஃப் என்னும் ஆங்கிலேயரின் கார் மோதி நொறுங்கியது. வார் கட்டாதிருந்த அவர் வெளியே எறியப்பட்டு இறந்தார். மறுநாள் பிற்பகல், ஏறக்குறைய 5000 கிலோமீட்டர் ஓடிய பின், இக்ஸின் ஃபோர்டும் ஹான்ஸ் ஹெர்மனின் போர்ஷேயும் ஒன்றையொன்று முந்தி முந்தி வந்தன. இக்ஸ் வென்றார். இடைவெளி 120 மீட்டர் அளவே! தொடக்கத்தில் அவர் நடந்து இழந்த நேரத்தையும், முடிவில் எஞ்சிய இந்த 120 மீட்டரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டு முதல் ஓட்டுநர்கள் வார் கட்டிக் காரிலேயே அமர்ந்திருந்து புறப்பட்டனர். பழைய ஓட்டத்தை நினைத்து ஏங்கும் முதிய ரசிகர்கள் உண்டு. அந்த ஏக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனாலும் அது திரும்ப வேண்டும் என்று அவர்களும் கேட்பதில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். நான் லெ மானைக் கண்டவனல்லன். தொலைக்காட்சித் திரையில் கண்டதோடு சரி. இப்பந்தயத்தில் எனக்கு ஆர்வம் உண்டாக்கியவன் என் தமக்கை மகன். 2016-இல் அவன் எட்டாம் வகுப்பு மாணவன், டொயோட்டாவின் பக்கம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1985 முதல் லெ மானுக்கு வந்துகொண்டிருந்தது; ஒரு முறையேனும் வென்றதில்லை. அவ்வாண்டு ஜூன் 19, ஞாயிறு மாலை, நம் கடிகாரத்தில் ஆறரை மணிக்குப் பந்தயம் முடிய வேண்டும். கசுகி நகாஜிமா ஓட்டிய டொயோட்டா முன்னணியில் இருந்தது. மூன்றரை நிமிடங்களே மீதி. அப்போது காரின் விசை மங்கியது. தொடக்கக் கோட்டருகே, தன் குழுவினரின் கண்ணெதிரே, அது நின்றேவிட்டது. பின்னால் வந்த போர்ஷே கடந்து சென்று வென்றது.

நகாஜிமா எப்படியோ காரை மீண்டும் உயிர்ப்பித்துக் கடைசிச் சுற்றை ஊர்ந்து முடித்தார். ஒரே ஒரு விதி குறுக்கே நின்றது: கடைசிச் சுற்றை 6 நிமிடங்களுக்குள் முடிக்காத காருக்கு இடம் கிடையாது. அவருக்கு 11 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. ஆகவே 24 மணி நேரம் ஓடி, வெற்றியைத் தொட்டுவிட்ட அந்தக் காருக்கு இரண்டாமிடங்கூட இல்லை. முடித்தவர்களின் பட்டியலிலேயே பெயர் இல்லை.

பிள்ளை அழுவான் என்று நினைத்தேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, "விதி அப்படித்தான் மாமா, முன்னாலேயே எழுதியிருக்கிறார்கள்" என்றான். கொட்டகைகளில் இருந்த கூட்டமும் அன்று எதிரணியென்று பாராமல் டொயோட்டாவுக்காக வருந்தியது. வென்ற போர்ஷே நிறுவனமே தோற்றவருக்குத் தன் மரியாதையை வெளிப்படையாகத் தெரிவித்தது. விதியை யாரும் தூற்றவில்லை. 2018-இல் டொயோட்டா வென்றபோது, வென்ற மூவரில் நகாஜிமாவும் ஒருவர். அந்தப் பையன் தெருவெல்லாம் ஓடிச் சொன்னான்.

இதே பிள்ளை, 2023-இல், பொறியியற் கல்லூரி மாணவனாக இருந்தபோது, விதியின் பெயரைக் கேட்டாலே கொதித்தான். காரணத்தைச் சொல்லுகிறேன்.

குதிரைப் பந்தயத்தில், வலிய குதிரையின் சேணத்தில் ஈயக் கட்டிகளை வைத்துச் சுமையை ஏற்றுவது உண்டு. போட்டி நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். லெ மானில் தலைமை வகைக் கார்களுக்கும் இப்பொழுது அத்தகைய ஏற்பாடு இருக்கிறது. திறன் சமநிலை என்று அதைச் சொல்லலாம். விரைவாக ஓடும் காருக்கு எடை கூட்டப்படும்; அல்லது எந்திர விசை குறைக்கப்படும். 2023-இன் முதல் மூன்று பந்தயங்களிலும் டொயோட்டா வென்றிருந்தது. லெ மானுக்குச் சில நாட்களே இருக்கையில் புதிய பட்டியல் வெளியாயிற்று. டொயோட்டாவுக்கு 37 கிலோ கூடுதல், ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேக்கு 3. லெ மான் முடியும்வரை தனித்தனிக் கார்களின் சுமையை மாற்றுவதில்லை என்று முன்னரே ஒரு முறை வகுத்திருந்தார்கள், அது கைவிடப்பட்டது. 50 ஆண்டுகளுக்குப் பின் தலைமை வகைக்குத் திரும்பியிருந்த ஃபெராரி, நூற்றாண்டுப் பந்தயத்தை வென்றது. டொயோட்டா 81 நொடி பின்தங்கி இரண்டாவதாக வந்தது.

ஃபெராரி ரசிகர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். டொயோட்டா ரசிகர்கள், 'நூற்றாண்டு விழாவுக்கு ஏற்ற கதையை முன்கூட்டியே எழுதிவிட்டார்கள்' என்றார்கள். நடுநிலையாளர் வேறொன்றைச் சுட்டினர்: இறுதி மணி நேரங்களில் டொயோட்டாக் கார் ஒரு வளைவில் சுழன்று மோதியது; ஃபெராரியும் கடைசி நிறுத்தத்தில் எந்திரம் முடுங்காமல் திணறியது; 37 கிலோ இல்லாமலும் முடிவு இப்படியே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்! அந்தச் சொல்லில்தான் வேதனை. 2016-இல் என்ன நடந்தது என்று ஐயமின்றித் தெரியும். 2023-இல் என்றுமே தெரியாது.

என் மருமகனோடு நான் முழுதும் உடன்படவில்லை. இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் நடந்ததை அவனுக்கு நினைவூட்டினேன். செலவு தாங்காமல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஆவுடி 2016-உடன் போயிற்று, போர்ஷே 2017-உடன் போயிற்று. 2018 முதல் தலைமை வகையில் டொயோட்டாவுக்குச் சமமான பெரு நிறுவனம் எதுவும் இல்லை. எதிரியில்லாத வெற்றியை டொயோட்டா ரசிகர்களே அரைமனத்தோடுதான் கொண்டாடினர். சமநிலை ஏற்பாடு வந்த பின், 2025-இல் எட்டு நிறுவனங்கள் தலைமை வகையில் போட்டியிட்டன. சுமை ஏற்றுவது பாவம் என்றால், 1923-இல் எஞ்சினுக்கேற்ற இலக்கு வைத்தவர்களும் பாவிகளே.

ஆனால் ஒன்றில் அவன் பக்கமே நான். சமநிலை ஏற்பாட்டைப் பற்றிப் போட்டியாளர்கள் பத்திரிகையிலோ பொது இடத்திலோ கருத்துச் சொல்லலாகாது என்றும் ஒரு விதி உண்டு. சுமந்து ஓடுபவர் சுமையைப் பற்றிப் பேசக் கூடாதாம்! ஓட்டுநர் வாயைத் திறக்க அஞ்சுகிறார். நிறுவனத்தார் அளந்து அளந்து பேசுகிறார்கள். கட்டில்லாமல் பேச வல்லவர் ரசிகர் ஒருவரே. உண்மையறிந்தவர் ஊமையாக, அறியாதவர் உரக்கப் பேசும் இடத்தில் வதந்தி வளராமல் என்ன செய்யும்? சுமை வேண்டும் என்பது என் கட்சி. வாய்ப்பூட்டு வேண்டாம் என்பதும் என் கட்சியே.

வதந்தி எப்படி வளரும் என்பதற்கு ஒரு சான்று. 1991-இல் மாஸ்டா என்னும் ஜப்பானியக் கார், சுழலும் எந்திரம் கொண்டு லெ மானை வென்றது. 'அந்த எந்திரம் வென்றதால்தான் அதைத் தடை செய்துவிட்டார்கள்' என்று இன்றும் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மை வேறு. எல்லோரும் மூன்றரை லிட்டர் எஞ்சினுக்கு மாற வேண்டும் என்பது அந்த வெற்றிக்கு முன்பே முடிவான செய்தி. மேலும், எதிரிக் கார்கள் 1000 கிலோ எடையோடு ஓட, மாஸ்டா 830 கிலோவோடு ஓட அனுமதி பெற்றிருந்தது. விதி மாஸ்டாவுக்கு உதவியது என்பதே சரி. இனிய கதையை விட்டுவிட யாருக்கு மனம் வரும்?

அதிகாரிகள் எப்போதும் நேர்மையானவர்கள் என்று இதனால் நான் கூறுவதாக எண்ண வேண்டாம். 1962-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் ஒரு சிறு காரைக் கொண்டுவந்தது. அதன் முன் சக்கரத்துக்கு நான்கு ஆணிகள், பின் சக்கரத்துக்கு ஆறு. மாற்றுச் சக்கரம் ஒன்று எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டுமே என்று சோதனையாளர்கள் மறுத்தார்கள். பின் சக்கரத்தையும் நான்கு ஆணிக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். 'ஆறு தேவைப்பட்ட இடத்தில் நான்கு போதுமா? ஆபத்து' என்று மீண்டும் மறுத்தார்கள். லோட்டஸின் தலைவர் காலின் சாப்மன், இனி இந்த ஊர்ப் பந்தயத்துக்கு வருவதில்லை என்று சூளுரைத்துப் போனார். அப்படியே வாழ்ந்தும் காட்டினார். சிறிய பிரெஞ்சுக் கார்களுக்குப் பரிசு தப்பிவிடுமே என்ற அச்சந்தான் காரணம் என்று ஆங்கிலேய ரசிகர்கள் அன்று பேசினார்கள். நாலும் ஆறும் கூட்டத் தெரிந்தவர்கள் அந்தப் பேச்சை எளிதில் தள்ளிவிட முடியாது.

இன்னொரு குறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விபத்தோ பெருமழையோ நேர்ந்தால், பாதுகாப்புக் கார்கள் முன்னே செல்ல, பந்தயக் கார்கள் அவற்றின் பின்னே மெதுவாக ஊர்கின்றன. 2024-இல் பெருமழையால் இரவில் 4 மணி நேரத்துக்கும் மேலாக இப்படியே சென்றன. மழையில் நனைந்து விழித்திருந்தவர்களுக்கு இது ஊர்வலமாகத் தோன்றியிருக்கும். முணுமுணுத்தார்கள். 1955-ஐ அறிந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த முணுமுணுப்பில் சேர மனமில்லை.

கடைசியாக ஒன்று. 2025 ஜூனில், வேலையின் பொருட்டு வெளியூரில் இருக்கும் மருமகன், பந்தயத்துக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். "இந்த முறை யாருக்கு எத்தனை கிலோ, பட்டியலைப் பார்த்தீர்களா மாமா?" என்பதுதான் முதற்கேள்வி. மூன்றாம் முறையாக ஃபெராரியே வென்றது. ஆனால் வென்றது நிறுவனத்தின் சிவப்புக் கார் அன்று, 83-ஆம் எண்ணுள்ள மஞ்சட் கார். அதைக் கடைசி மணி நேரங்களில் ஓட்டி வந்தவர் போலந்து நாட்டு ராபர்ட் குபிட்சா. 2011-இல் நேர்ந்த விபத்தில் வலக்கை சிதைந்து, இனி ஓட்டுவது அரிது என்று பலர் எண்ணிய மனிதர் அவர். கோட்டைக் கடந்ததும் மருமகன் மீண்டும் அழைத்தான். "அந்தக் கைக்கு எந்தப் பட்டியலில் மாமா சுமை எழுதியிருக்கிறது?" என்றான். அன்று எங்களுக்குள் வழக்கு எதுவும் எழவில்லை.

மறுநாள், நான்காவதாக வந்த வேறொரு ஃபெராரியின் பின்னிறகு அனுமதித்த அளவுக்கு மேல் வளைகிறது என்று கண்டு, அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. படித்து முடிப்பதற்குள் தொலைபேசி மணி அடித்தது.